எரியட்டும் என்று சொன்னவர்

நாடு எரிந்தால் நம் வீடும் சேர்ந்து எரியுமா? இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் என்னிடம் இதைக் கேட்டாள். எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

அவள் அப்படிக் கேட்கக் காரணமானது ஒரு விடுமுறை நாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு இழைகள் முடிந்து புதிய பாவு வந்திருந்தது. அதைப் பிணைக்க நானும் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பழைய இழையின் நுனியையும் புதிய இழையின் நுனியையும் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்குவதுதான் பிணைப்பது. ஆயிரக்கணக்கான இழைகள். நடுவில் எழுந்தால் வரிசை தப்பும் என்பதால் ஒரு கட்டு முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் எழுவதில்லை. கை வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். அதற்காகவே செல்போனைத் தறிக்காலில் கட்டித் தொங்கவிட்டுவிடுவோம். ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானாக ஓடும்.

அப்படி ஓடி வந்தவர்தான் அந்த அரசியல் விமர்சகர். எங்களுக்குப் புதியவர் அல்ல. பட்டு விலை, ஜரிகை விலை, மழை பெய்தால் குளமாகும் தெரு என்று அவர் பேசினால் எங்கள் வீட்டுக் கதையையே பேசுவது போலிருக்கும். நானும் தலையாட்டியிருக்கிறேன். அன்றும் அப்படித்தான் தொடங்கினார். பிறகு குரல் ஏறியது. இந்த நாடு திருந்தாது, இங்கே இருப்பது மனிதர்கள் இல்லை, மந்தை. ஒருமுறை முழுதாகப் பற்றி எரிந்தால்தான் புத்தி வரும், எரியட்டும், நான் கைதட்டுவேன் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

என் விரல் நின்றுவிட்டது. காதில் விழுந்தது சரிதானா என்று கணவரைப் பார்த்தேன். அவரும் சிரித்தார்.

"கரெக்டாதான் சொல்றாரு" என்றார், இழையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நிறுத்துங்கள் என்றேன். கையெல்லாம் சாம்பல், கட்டு முடியட்டும் என்றார். நானும் எழவில்லை. மகள் தறிக்கு அந்தப் பக்கம் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை. அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது, போனேன். குடியரசு தின விழாவில் கொடி பிடித்து நடக்கும் பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. ஒத்திகையில் கொடியைக் கையில் வாங்க மாட்டேன் என்றாளாம். ஏன் என்று டீச்சர் கேட்டதற்கு, நாடு எரியப்போகிறது, எங்கப்பா சொன்னார் என்றாளாம். டீச்சர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"வீட்ல எதுனா பிரச்சனையாம்மா? மத்த பேரன்ட்ஸ் காதுல விழுந்தா வேற மாதிரி ஆயிடும்."

வீடியோவில் பேசியவர் அவள் கணக்கிலேயே இல்லை. கேட்டுச் சிரித்த அப்பாதான் சொன்னவராகிவிட்டார். ஆட்டோவில் வீடு திரும்பும்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் மாறியது. அவளைக் கூப்பிட்டு, அப்பா அப்படி நினைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"அது வெறும் பேச்சுமா. கூலி ஏத்துங்கன்னு கேட்டுக்கினே இருக்கறோம், எவன் காதுல வாங்கறான்? எனக்கும் கோவம் இருக்குது. இல்லேன்னு கொழந்தகிட்ட பொய் சொல்லணுமா?"

"கோவம் இருக்கட்டுங்க. எரியட்டும்னா யார் வீடு எரியும்? அவர் வீடா?"

"நீதான் படிச்சவ. நீயே சொல்லிடு" என்று தறியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஏனாத்தூரில் கல்லூரிவரை படித்தவள்தான். நாட்டைக் குறை சொல்வது தப்பு என்று நான் நினைக்கவில்லை. கூட்டமாகப் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் எங்கள் தெருவுக்கு விளக்கே வந்தது. ஆள்பவர்களை அந்த விமர்சகர் என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். ஆனால் எரியட்டும் என்பதில் கேள்வி எங்கே இருக்கிறது? மந்தை என்றாரே, அதில் பால் போடுகிறவர், டீச்சர், என் மகள் எல்லோரும் அடக்கம்தானே? இப்படி நினைக்கும்போதே, ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேனோ, எங்களுக்காகப் பேசும் ஒருவரின் வாயை அடைக்கப் பார்க்கிறேனோ என்றும் தோன்றியது. எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் அந்த வீடியோவுக்குக் கீழே கமெண்ட் போட்டேன். உங்கள் கோபம் எங்களுக்கும் உண்டு ஐயா, ஆனால் நாடு எரியட்டும் என்றதைக் கேட்டு என் குழந்தை பயந்திருக்கிறாள், அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள் என்று.

அவர் பதில் சொல்லவில்லை. அவருடைய ரசிகர்கள் சொன்னார்கள். போய்ச் சமையலைப் பார் என்றார் ஒருவர். இதை எழுத எவ்வளவு பணம் வாங்கினாய் என்றார் இன்னொருவர். அதற்கு நான் தயாராகவே இருந்தேன். தூக்கிவாரிப் போட்டது என் பக்கம் பேச வந்தவர்களைப் பார்த்துத்தான். சகோதரி சரியாகச் சொன்னார், இவனை நடுத்தெருவில் வைத்துக் கொளுத்தணும் என்று ஒருவர் எழுதியிருந்தார். வீடு எங்கே என்று விசாரித்தார் அடுத்தவர். குடும்பத்தோடு என்று சேர்த்தார் இன்னொருவர். ஒவ்வொன்றுக்கும் வரிசையாக விருப்பக்குறிகள்.

மகள் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். என் தோளில் சாய்ந்து, திரையில் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தாள். "கொ... ளுத்... தணும்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, நீ சொன்னதுனாலயா?"

கமெண்டை எடுத்துவிட்டேன். எடுத்தது சரியா என்று தெரியவில்லை. எடுத்ததால் அந்த விமர்சகர் சொன்னது சரி என்று ஆகிவிட்டதா? கணவர் இப்போதெல்லாம் இயர்போன் மாட்டிக்கொண்டு நெய்கிறார். திடீரென்று அவர் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார் என்று மகள் நிமிர்ந்து பார்க்கிறாள். கொடி பிடிக்க இன்னும் சம்மதிக்கவில்லை. கட்டாயப்படுத்த எனக்கும் மனம் வரவில்லை.

இதைப் படிப்பவர்களில் பிள்ளை வளர்ப்பவர்கள் இருப்பீர்கள். அந்த மனிதர் சொன்னது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை, யாரும் யாரையும் கொளுத்தக் கிளம்பாதபடி எப்படிச் சொல்வது? பெற்ற தகப்பனைக் குற்றவாளியாக்காமல் அவளிடம் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒருத்தியும் பக்கத்தில் இருப்பாள் என்று நினைத்து எழுதுங்கள்.