பத்து வெள்ளிச் சண்டை

கிறிஸ்டினோடு கடைக்குப் போக எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பேர் பயப்படுவார்கள். மீதிப் பேர் அவளைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஐந்து காசு கூடுதலாகப் போட்டால்கூட கல்லாவில் நின்று நியாயம் கேட்பாள். ஒரு தடவை எங்கள் ஊர் பத்து பகாட்டில் ஒரு மருந்துக் கடையில் அவள் போட்ட சத்தத்தில், அவளுக்கு வாங்கிய தலைவலி மாத்திரையை நான் அங்கேயே விழுங்கினேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே தையல் பிரிவில் பனியன் தைத்தவர்கள். அவளுக்கு மாதா கோயில், எனக்கு மாரியம்மன் கோயில். மற்றபடி சோற்றுப் பெட்டி வரைக்கும் பங்குதான். புருஷன் போன பிறகு ஒரே மகன் ஜோனதனை அந்தத் தையல் சம்பளத்தில்தான் படிக்க வைத்தாள். படித்து முடித்ததும் அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். "உங்களுக்கு அறுபது வயசு ஆகறப்ப நான் இங்க வீட்டோட இருப்பேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். பிள்ளைகள் கிளம்புகிற அவசரத்தில் எதையாவது சொல்வதுதான். கிறிஸ்டின் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இந்த வருஷம் அவளுக்கு அறுபது. விருப்பப்பட்டால் இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்க்கலாம் என்று மேனேஜர் சொன்னபோது, "மகன் வர்றான் சார், சமைச்சுப் போட ஆள் வேணும்" என்று மறுத்துவிட்டாள். அவன் அறைக்குச் சாயம் அடித்தாள், அறை குளிர ஏர்கோன் மாட்டினாள். அதை அவள் ஒரு நாள்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. மகன் வந்துதான் முதலில் போட வேண்டுமாம்.

பிறந்தநாளுக்கு சனி, ஞாயிறு சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஜொகூர் பாருவில் ஓட்டல் அறை எடுத்திருப்பதாக ஜோனதன் போன் செய்தான்.

"புஷ்பா, நீயும் வா லா. ஓட்டல்ல தனியா படுக்க எனக்குப் பயம்" என்றாள். "திரும்பி வர்றத அங்க வச்சுத்தான் சொல்லப் போறான், பாரேன்."

அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் இல்லை.

லார்க்கின் பஸ் நிலையத்தில் இறங்கி ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜோனதன் கேக் பெட்டியோடு காத்திருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். வரவேற்பு மேசையில் இருந்த மலாய்ப் பெண் அவனுடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து வெள்ளி சுற்றுலா வரி என்றாள்.

போச்சுடா என்று நினைத்தேன். கிறிஸ்டின் மகன் கையிலிருந்த கேக் பெட்டியை வாங்கி என் கையில் திணித்துவிட்டு மேசையை நெருங்கினாள்.

"என்னா வரி? வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும்னு இங்கயே எழுதி வச்சிருக்கு! நாங்க எல்லாரும் ஒராங் மலேசியா, மலேசியாக்காரங்க லா!"

பாதி மலாய், பாதி தமிழ். அந்தப் பெண்ணுக்கு எது புரிந்ததோ தெரியாது. கிறிஸ்டின் தன் அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். என் கைப்பையைத் திறந்து என்னுடையதையும் எடுத்து வைத்தாள்.

"ஜோனா, உன் ஐசியையும் காட்டுடா. பாஸ்போட்ட நீட்டினா இவங்க வெளிநாட்டு ஆளுன்னுதான் நெனப்பாங்க."

ஜோனதன் பத்து வெள்ளி நோட்டை எடுத்து மேசையில் வைத்தான். "அம்மா, விடுங்கம்மா. பத்து வெள்ளிதானே, கட்டிடறேன்."

"பத்து வெள்ளி சும்மாவா வருது? காட்டுடா!"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் பாஸ்போர்ட்டை இன்னொரு முறை பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். பாவம், அவள்தான் என்ன செய்வாள்.

"என்கிட்ட ஐசி இல்லம்மா" என்றான் ஜோனதன். "போன வருஷமே ஒப்படைச்சிட்டேன். நான் இப்ப சிங்கப்பூர் சிட்டிசன்."

கிறிஸ்டின் மேசையில் இருந்த இரண்டு அட்டைகளையும் எடுத்தாள். என்னுடையதை என்னிடம் கொடுத்தாள். தன்னுடையதைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் வாங்கி வைத்தேன்.

"கேக் வெட்டினப்புறம் சொல்லலாம்னு இருந்தேன், ஆண்ட்டி" என்றான் அறைக்கு வந்ததும். அம்மாவிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னான். வேலை, வீடு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அங்கே அதுதான் வழி என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஓங்கி ஓர் அறை விடலாமா என்று ஆத்திரம் வந்தது. அழுதுகொண்டிருக்கிறவனை எப்படி அறைவது?

"திரும்ப மாத்த முடியாதா?" கிறிஸ்டின் கேட்டது அந்த ஒரே கேள்விதான்.

"முடியாதும்மா."

அதற்குப் பிறகு அவள் கேக் வெட்டினாள். முதல் துண்டை அவனுக்குத்தான் ஊட்டினாள். நானும் அவனும் பிறந்தநாள் பாட்டுப் பாடினோம். சாவு வீட்டில்கூட நான் அப்படி ஒரு பாட்டைக் கேட்டதில்லை.

ஜன்னல் வழியாகச் சிங்கப்பூருக்குப் போகும் பாலம் தெரிந்தது. சிங்கப்பூர் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தன. சாப்பிடவும் சாமான் வாங்கவும் வருகிறவர்கள், மறுநாளே திரும்பிவிடுவார்கள். இனி ஜோனதனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். கிறிஸ்டின் இருட்டும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அறையைக் காலி செய்தபோது, நாங்கள் தொடவே தொடாத தண்ணீர் போத்தலுக்குக் காசு போட்டிருந்தார்கள். கிறிஸ்டின் கணக்கைப் பார்த்தாள். போத்தலுக்குப் போட்டிருந்த காசையும் பார்த்தாள், எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

"அடிக்கடி வருவேம்மா" என்று சொல்லி ஜோனதன் எங்களைப் பஸ் ஏற்றிவிட்டான். வழியில் ஆயர் ஈத்தாம் ஊரைப் பஸ் தாண்டியது. அப்போது அவள், "மேனேஜர்கிட்ட போய்க் கேட்டா மறுபடி சேத்துக்குவாரா, புஷ்பா?" என்றாள்.

"உன் மிஷின்ல புதுசா ஒரு பிள்ளைய உக்கார வச்சிட்டாங்க லா" என்றேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஹாலில் பழைய மேசை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கழுத்தெல்லாம் வேர்வை. ஜோனதனின் அறை சாத்தியிருந்தது.

"அந்த ஏர்கோனப் போட்டுக்கிட்டு உள்ள போய்ப் படேன், கிறிஸ்டின்" என்றேன்.

"அது கெஸ்ட் ரூம் லா" என்றாள். விசிறியை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.