கொக்கி வெட்டிய ரவிக்கை

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலுக்கு வெளியே, குளத்துக் கரையை ஒட்டி எங்கள் வீடு இருந்தது. என் மாமனாரின் தாத்தா தேக்கு உத்தரம் போட்டுக் கட்டியது. அந்த வீட்டு மருமகள் என்றால் ஊரில் தனி மரியாதை. எனக்கும் அந்த நினைப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

ஆனி மாதம் குற்றாலத்தில் சாரல் என்பார்கள். எங்களுக்கு வருவது வெறும் காற்றுதான். ஒரு வருடம் வறண்ட குளத்தின் கோரைப்புல்லில் பிடித்த தீ, அந்தக் காற்றில் பரவி அக்கரையில் இருந்த ஓலைக் குடிசைகளை எல்லாம் சாம்பலாக்கிவிட்டது. ‘ஓலைதானே, நாலு நாளில் கட்டிக்கொள்வார்கள்’ என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். ஆனாலும் அதில் குடிசையை இழந்த, எங்கள் வயலுக்குக் களையெடுக்க வரும் பெண்ணுக்கு என் பழைய ரவிக்கைகள் ஆறு எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும் முன் கொக்கிகளைக் கத்தரித்து எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம், அடுத்த ரவிக்கைக்கு ஆகும். நல்ல சிக்கனக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து, அதே ஆனியில், தீ எங்கள் கரையில் பிடித்தது. முதலில் வைக்கோல் படப்பு, அப்புறம் தொழுவம், கடைசியில் வீடு. மத்தியானத்துக்குள் தேக்கு உத்தரம் எல்லாம் சரிந்து விழுந்துவிட்டது. மாட்டை அவிழ்க்கப் போனபோது பொறி விழுந்து என் ரவிக்கையின் முதுகு கருகிக் கிழிந்திருந்தது. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேப்பமரத்தில் முதுகைச் சாய்த்து நின்றேன். நகர்ந்தால் மானம் போய்விடும் என்ற பயம். சொந்தக்காரர்கள் வந்து, ‘நெலம் கெடக்குல்லா, இதவிடப் பெருசா கட்டிக்கிடலாம்’ என்று தேற்றினார்கள். நான் சொன்ன அதே பேச்சு. மாற்றுத்துணி வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

அந்தக் களையெடுக்கும் பெண்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மடியிலிருந்து ஒரு ரவிக்கையை எடுத்து நீட்டினாள்.

“நீங்க குடுத்ததுதாம்மா. விசேசத்துக்குப் போடலாம்னு எடுத்து வச்சிருந்தேன். உங்க அளவுதான, சரியா இருக்கும். கொக்கி தச்சிருக்கேன்.”

அவள் குத்திக்காட்டவில்லை. எப்படி மாட்டுவது என்று நான் தவிக்கக் கூடாதே என்றுதான் சொன்னாள். இரண்டு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடிக்க, மரத்துக்குப் பின்னால் போட்டுக்கொண்டேன். ஐந்து கொக்கிகள், ஒன்று போல் இன்னொன்று இல்லை. எங்கெல்லாம் பொறுக்கினாளோ. அவளே மாட்டிவிட்டாள். அப்போதுதான் நான் உடைந்து அழுதேன். வீட்டுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பிறகு அவளுக்குப் புதுச் சேலை எடுத்துக் கொடுத்தேன். ஆனால் கொக்கியை வெட்டியது தப்பு என்று ஒருநாளும் சொல்லவில்லை, கௌரவம் விடவில்லை. இப்போது அவளும் உயிரோடு இல்லை. வீடு எரிந்த கதையை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், அந்த வேதனை எப்போதோ ஆறிவிட்டது. இந்தக் கொக்கிகளைப் பற்றி இன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொல்கிறேன், இது இன்னும் சுடுகிறது.