சொல்ல மறுத்த வாக்கியம்

டெலிபோன் பூத்துக்கென்று ஒரு வாடை இருந்தது. முந்தைய ஆள் விட்டுப்போன மூச்சும், ரிசீவரில் யார் யாரோ தேய்த்துப்போன தேங்காயெண்ணெயும், பேசும் துளைகளில் தங்கிவிட்ட வெற்றிலைக் காறலும் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் வெந்து கலந்து, கதவைச் சாத்தியதும் தலைக்கு மேலே சோம்பலாகச் சுற்றத் தொடங்கும் குட்டி ஃபேனின் காற்றில் முகத்தில் வந்து அடிக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் வளர்ந்த பலருக்கு அது அயலூர் மாமாவோடு பேசிய வாடை, வளைகுடாவிலிருந்த அப்பாவோடு பேசிய வாடை. எனக்கு அது போலீஸ் வாடை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த பூத்துக்குள் என்னை நிறுத்தித்தான், குண்டு வைத்திருப்பதாக மிரட்டியது நீயா என்று சோதித்தார்கள். அப்போது நான் எட்டாம் வகுப்பு. இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. அதை ஆறவிடும் உத்தேசமும் எனக்கு இல்லை.

முதலில் எங்கள் வீட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் செய்தது வீம்பு என்று தோன்றும். அப்பாவும் அம்மாவும் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். அப்பாவுக்குச் சாலைக் கம்போளம் என்கிற பெரிய சந்தையில், ஓர் அரிசி மண்டியில் அளக்கும் வேலை. முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார், "லாபம்" என்றுதான் தொடங்குவார். அம்மா அவருக்கு ஒரு படி மேல். எங்கள் வீட்டில் விளக்கை அணைக்கக்கூடாது, "குளிர வைக்க" வேண்டும். அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லக்கூடாது, "நிறைஞ்சிருக்கு" என்று சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாய் தவறிப் "போறேன்" என்று சொல்லிவிட்டால், திரும்ப உள்ளே வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, "போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகமுடியும். இதனாலேயே பலநாள் முதல் மணிக்குப் பிந்தியிருக்கிறேன்.

இந்தச் சட்டங்கள் எல்லாருக்கும் பொது என்றாலும் எனக்கு மட்டும் கொஞ்சம் கடுமை. காரணம், என் நாக்கில் ஒரு மச்சம் இருந்தது. நடுநாக்கில், மிளகு அளவில், நல்ல கறுப்பு. நாக்கில் மச்சம் இருப்பவர்கள் சொன்னால் பலித்துவிடும் என்று எங்கள் ஊரில் நம்புவார்கள். மலையாளிகள் அதற்குக் "கரிநாக்கு" என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நான் சின்னவளாக இருந்தபோது, வீட்டுக்காரரின் மதில் விழப்போகிறது என்று சொன்னேனாம்; மறுநாள் மழையில் விழுந்துவிட்டது. அந்த மதில் ஏற்கெனவே தெருப்பக்கம் சாய்ந்து நின்றது என்பதையும், துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை அந்த வாரம் தெருவையே பெயர்த்தது என்பதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு வாய்ப்பூட்டு. கோபத்தில் தம்பியை "நாசமாப் போ" என்றுகூடத் திட்டமுடியாது. திட்டத் தெரியாத அக்காவை எந்தத் தம்பிதான் மதிப்பான்? அவன் என்னைப் படுத்திய பாட்டை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும்.

தம்பியும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தான், ஒன்றாம் வகுப்பு. சின்னப் பிள்ளைகளின் ஓட்டுக் கட்டடம் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது.

கிறிஸ்துமஸ் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. கணக்குப் பரீட்சையன்று காலையில் ஆபீஸ் போன் அடிக்க, கிளார்க் சார் எடுத்தார். ஒரு பிள்ளைக்குரல். பள்ளிக்கூடத்தில் எங்கே குண்டு இருக்கிறது, எப்போது வெடிக்கும், சின்னப் பிள்ளைகளின் கட்டடம் என்ன ஆகும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. எங்களை எல்லாம் மைதானத்துக்கு விரட்டினார்கள். போலீஸ் ஜீப் வந்தது, நாய் வந்தது. நாய் பெஞ்சுகளை மோந்துவிட்டு, யாரோ மறந்துவிட்டுப்போன மீன் பொரியல் டப்பாவின் முன்னால் உட்கார்ந்துகொண்டது. கணக்குப் பரீட்சை தள்ளிப்போன சந்தோஷத்தில் நாங்கள் கைதட்டினோம். அன்றைக்கு எல்லாமே வேடிக்கைதான்.

மறுநாள் வேடிக்கை தீர்ந்தது. போன் வந்தது எதிர்ப்பக்கத்து பூத்திலிருந்து என்று போலீஸ் கண்டுபிடித்தது. பூத்துக்காரருக்கு யார் வந்தார்கள் என்று ஞாபகமில்லை. ஆனால் கிளார்க் சாருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. "சாரே, அது பாண்டி மலையாளமாணு" என்றாராம். பாண்டி என்பது அங்கே தமிழர்களுக்கு வைத்த கேலிப்பேர். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அசெம்பிளி முடிந்ததும், வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள் மட்டும் நிற்கவேண்டும் என்று சொன்னார்கள். மண்டித் தொழிலாளி, ஓட்டல் மாஸ்டர், கொத்தனார், இஸ்திரிக்காரர் ஆகியோரின் பிள்ளைகள் நின்றோம். மற்றவர்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போனார்கள்.

எங்கள் எச்.எம். டீச்சர் பிசிக்ஸ் படித்தவர். எதையும் முறையாகச் செய்யவேண்டும் அவருக்கு. ஒவ்வொரு பிள்ளையாக அதே பூத்துக்குள் போய், அதே ரிசீவரில், அதே வாக்கியத்தைச் சொல்லவேண்டும், மறுமுனையில் கிளார்க் சார் காதில் வைத்துக் கேட்டு ஆளைக் கண்டுபிடிப்பார் என்று ஏற்பாடு செய்தார். அவர் பக்கத்தில் எஸ்.ஐ. உட்கார்ந்திருப்பார். பூத்து வாசலில் ஒரு தையல் டீச்சர் நின்று, உள்ளே போகிற பிள்ளையின் காதில் வாக்கியத்தை ஓதி அனுப்புவார். மிரட்டியவரைப் பிடிக்க, மிரட்டாத எல்லாரையும் மிரட்டச் சொன்ன இந்த அறிவாளித்தனத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. வரிசையில் நின்றபோது வரவில்லை.

எனக்கு முன்னால் நின்ற ஓட்டல் மாஸ்டரின் மகள் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு, வெளியே வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கிளார்க் சார் அவளைப் பற்றியும் "ஆயிரிக்கும்" என்றுதான் சொன்னாராம். இருக்கலாம் என்று அர்த்தம். எல்லாரைப் பற்றியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார் மனிதர்.

என் முறை வந்தது. தையல் டீச்சர் என் காதில் வாக்கியத்தைச் சொன்னார். கதவைச் சாத்தினேன், ஃபேன் சுற்றியது, அந்த வாடை அடித்தது. "ஹலோ, பற" என்று சொல்லச் சொன்னார் கிளார்க் சார். வாயைத் திறந்தேன். அந்த வாக்கியத்தில் ஓட்டுக் கட்டடம் இருந்தது, ஓட்டுக் கட்டடத்தில் தம்பி இருந்தான், அன்று காலைதான் அவனுடைய சட்டைப் பித்தானை நான் மாட்டிவிட்டிருந்தேன். மச்சம் இருந்த இடத்தில் நாக்கு கனத்தது. நான் சொன்னால் நடந்துவிடும் என்று முழுசாக நம்பினேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

"ஞான் அது பறயூல, சார்" என்றேன். சொல்லமாட்டேன் என்று சொல்லி ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஆபீசில் ஒரே குதூகலம். இத்தனை நேரம் "ஆயிரிக்கும்" என்றவருக்கு இப்போது ஐயமே இல்லை. குற்றமுள்ளவள்தானே பயப்படுவாள்? எச்.எம். டீச்சர் என்னைச் சுவரோரம் நிறுத்தி, "பறயான் எந்தா இத்ர பேடி?" என்று கேட்டார். சொல்ல ஏன் பயம் என்ற அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும், ஆனால் பிசிக்ஸ் டீச்சரிடம் நாக்கு மச்சத்தைப் பற்றி எப்படிச் சொல்வது? வீட்டில் ஆளைக் கூட்டிவரச் சொன்னார்கள். சொல்லவில்லையென்றால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவோம், மற்றதை ஸ்டேஷனில் பேசிக்கொள்ளுங்கள் என்று எஸ்.ஐ. மேசையைத் தட்டினார்.

அம்மா வீட்டிலிருந்து வந்தாள். அப்பா மண்டியிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தார், புருவமெல்லாம் அரிசித் தவிடு. போலீஸ் தொப்பியைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு, "சொல்லிரு மக்ளே, ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு வீட்டுக்குப் போவோம்" என்று கெஞ்சினார். வேறு ஊரில் பிழைக்க வந்தவரின் பயம் அது. அவரை நான் குறை சொல்லவில்லை. அம்மாதான் குறை சொன்னாள், அங்கேயே, எல்லார் முன்னாலும். "முத படியை ஒண்ணுன்னு சொல்ல வாய் வராத மனுஷன், பெத்த பிள்ளையைப் பாத்து அதைச் சொல்லுன்னு சொல்லுதீரே, நல்லாருக்கா?" என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்புறம் எச்.எம். டீச்சரிடம் திரும்பினாள். அம்மாவுக்கு மலையாளம் நன்றாகவே தெரியும், மீன்காரியிடம் மலையாளத்தில்தான் சண்டை போடுவாள். அன்றைக்கு வேண்டுமென்றே தமிழில் பேசினாள்.

"டீச்சரே, எம் பிள்ளை சொல்லுவா. அதுக்கு முன்னால அவ நாக்கை ஒருக்கா பாத்துக்கிடுங்க. பாத்த பொறவும் சொல்லணும்னா சொல்லட்டும். நீட்டு மக்ளே."

நான் நாக்கை நீட்டினேன்.

எட்டாம் வகுப்பிலேயே தலைமையாசிரியைக்கும் சப் இன்ஸ்பெக்டருக்கும் நேராக நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? முதலில் கூசியது. பிறகு பிடித்துப்போய்விட்டது. நன்றாக, அடிவரைக்கும் நீட்டினேன். எஸ்.ஐ. முதலில் சிரித்தார். எச்.எம். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அறிவியலுக்குப் புறம்பானது என்று எங்களுக்கு எத்தனையோ விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தவர், ஓரடி பின்வாங்கி நிமிர்ந்தார். அம்மா விடவில்லை. மதில் விழுந்த கதையைச் சொன்னாள்; அவள் வாயில் மதில் கொஞ்சம் உயரமாகவும் மழை இல்லாமலும் இருந்தது. "உங்க மகனும் இங்கனதான படிக்கான்? அவனும் அந்தக் கட்டடத்துப் பக்கம் போவான், வருவான்லா. உங்களுக்குச் சம்மதம்னா இப்பமே சொல்லச் சொல்லுதேன்" என்றாள்.

முதலில் எழுந்தது கிளார்க் சார். போனை எட்டி எடுத்து மேசையின் அந்தப் பக்கம் தள்ளி வைத்தார். "வேண்டா டீச்சரே. ஈ குட்டி அது பறயண்டா. என்றெ மோளும் இவிடெயல்லே படிக்குந்நது" என்றார். இந்தப் பிள்ளை அதைச் சொல்லவேண்டாம், தன் மகளும் இங்கேதானே படிக்கிறாள் என்று அந்த மனிதர் கும்பிடாத குறையாகச் சொன்னார். எஸ்.ஐ. தொப்பியை எடுத்துக்கொண்டு, வேறு வேலை இருப்பதாக ஏதோ முனகிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். வரிசையில் பாக்கி நின்ற பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். டி.சி. பேச்சு அதோடு நின்றது.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவிடம், எனக்கு நிஜமாகவே கரிநாக்கா என்று கேட்டேன். "ஆருக்குத் தெரியும்? அவங்களுக்கும் தெரியாதுல்லா, அது போதும்" என்றாள்.

ஆண்டுப் பரீட்சை சமயத்தில் மறுபடியும் அதே பூத்திலிருந்து போன் போனது. இந்தத் தடவை பூத்துக்காரர் விழிப்பாக இருந்து, ஆளைச் சட்டைக் காலரோடு பிடித்துவிட்டார். பத்தாம் வகுப்புப் பையன், முதல் போனும் அவன் வேலைதான். பெரிய வீட்டுப் பிள்ளை, நாலு தலைமுறையாகத் திருவனந்தபுரத்துக்காரன், தமிழில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. தமிழன் பேசுகிற மாதிரி பேசினால் வேடிக்கையாக இருக்கும் என்று பேசினானாம். அவனை யாரும் சுவரோரம் நிறுத்தவில்லை. அவன் அப்பா காரில் வந்தார், டீ வந்தது, "பிள்ளேரல்லே, ஒரு தமாசு" என்று எச்.எம். டீச்சரே சொன்னதை ஆபீஸ் ஜன்னல் பக்கம் நின்ற நாங்கள் கேட்டோம். பிள்ளைகள்தானே, ஒரு விளையாட்டு. அவன் பரீட்சை எழுதி ஜெயித்து நல்லபடியாக இருக்கிறான். இருக்கட்டும். எங்களை வரிசையில் நிறுத்தியதற்கு யாரும், அன்றும் சரி பிறகும் சரி, ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த பூத்து இப்போது இல்லை. அந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். சாலைக் கம்போளத்தில் படியளக்கிற மண்டிகளும் போய்விட்டன, எலெக்ட்ரானிக் தராசுக்கு லாபமும் தெரியாது, நஷ்டமும் தெரியாது. மச்சம்கூட மங்கிவிட்டது, அது வெறும் நிறமி என்று பல் டாக்டர் சொன்னார், நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு வேறு வக்கீல் இருக்கவில்லை.

நான் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். மிரட்டல் இப்போது ஈமெயிலில் வருகிறது. போன வருஷம் என் மகனின் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று வந்தது. பெற்றோர் கூட்டம் போட்டார்கள். மைக் பிடித்த ஓர் அப்பா, கட்டட வேலைக்கு வந்திருக்கிற வங்காளிகளின் பிள்ளைகளை முதலில் விசாரிக்கவேண்டும் என்றார். பல தலைகள் ஆடின. கடைசி வரிசையில், சிமெண்ட் படிந்த செருப்போடு உட்கார்ந்திருந்த ஒருவர் மெல்லக் கையைக் கட்டிக்கொண்டதைப் பார்த்தேன். அந்தக் கையை எனக்குத் தெரியும்.

எழுந்து நின்றேன். "விசாரிக்கலாம். முதலில் என் மகனை நிறுத்துங்கள். அடுத்து உங்கள் மகன். அப்புறம் வரிசையாக எல்லாரும்" என்றேன். இந்தத் தடவை நான் மலையாளத்தில்தான் பேசினேன், நல்ல பாண்டி மலையாளத்தில். மைக் கைமாறியது. பேச்சு சிசிடிவி கேமராவுக்குத் தாவியது. எந்தப் பிள்ளையையும் யாரும் நிறுத்தவில்லை.

தையல் டீச்சர் என் காதில் ஓதிய வாக்கியம் இன்றைக்கும் எனக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. நம்பிக்கை போய்விட்டது, சொன்னால் ஒன்றும் ஆகாது என்று தெரியும். இருந்தாலும் அதை நான் இதுவரை சொன்னதில்லை, இந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை. சந்தேகமிருந்தால் மேலே போய்த் தேடிப் பாருங்கள். சொல்லமாட்டேன் என்று சொன்னேன், சொல்லமாட்டேன்.