சம்பந்தி வீட்டு விமானத்தளம்

நாற்காலியை முன்னால் இழுத்து, முதுகை நிமிர்த்தி, இடப் பக்கம் ஒரு பார்வை, வலப் பக்கம் ஒரு பார்வை, பிறகு கழுத்தைத் திருப்பிப் பின்னால் நிற்கும் துணி அலமாரியையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மாஸ்டரம்மா குண்டுவீச்சு விமானத்தைக் கிளப்புகிறார். அலமாரி முந்திக்கொண்டு வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். "பழகிப் போச்சும்மா. பின்னாடி பாக்காம வண்டிய எடுக்க எனக்குக் கை வராது" என்கிறார். திரையில் ஓடுபாதை நீண்டு கிடக்கிறது. அதன் முனையில் ஒரு கணம் நிறுத்தி, குறுக்கே யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறார். நடப்பது போர், அதுவும் கம்ப்யூட்டருக்குள். யாரும் குறுக்கே வருவதில்லை. திருப்தியாகி, விமானத்தை எழுப்புகிறார். வயிற்றில் குண்டுகளைச் சுமந்துகொண்டு அது எதிரியின் விமானத்தளத்தைப் பார்த்துப் புறப்படுகிறது.

இது சாயங்கால வேலை. பகலில் அவர் கார் ஓட்டக் கற்றுத் தருகிறார். கூரைமேல் பலகை வைத்த அந்தச் சின்னக் கார் வந்தால் பஸ்ஸே ஒதுங்கிக்கொள்ளும். பயிற்சிக் காரில் மாஸ்டரம்மா உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் உண்டு. வாயைத் திறந்தால் "அரைக் கிளட்ச்ல புடி, அரைக் கிளட்ச்ல புடி" என்பதுதான். அதனால் அவரிடம் படிக்கிற எங்களுக்குள் அவருக்கு 'அரைக்கிளட்ச்' என்று பெயர். அது அவருக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் தலை நரைக்க ஆரம்பித்த பிறகு ஸ்டீயரிங்கைத் தொட்டவள். என்னைக் கண்டு மின்கம்பங்கள் மட்டும்தான் ஓடவில்லை. ஒரு நாள் நான் குப்பைத் தொட்டி ஒன்றை நோக்கி நேராகப் போனேன். மாஸ்டரம்மாவின் குரல் உயரவில்லை. "அது அங்கயேதாம்மா இருக்கும். நாமதான் போய்ப் பாக்கணும்னு ஒண்ணும் கட்டாயமில்ல" என்றபடி தன் பக்கத்துப் பிரேக்கை அமுக்கினார். பிறகு காலடியைக் காட்டினார்.

"என் பக்கம் என்ன இருக்குன்னு பாரு. கிளட்ச் இருக்கு, பிரேக் இருக்கு. ஆக்ஸிலரேட்டர் கிடையாது. காலம் பூரா அடுத்தவங்க வேகத்தப் புடிச்சு நிறுத்துறதுதான் நம்ம பொழப்பு."

அன்று வகுப்பு அவர் வீட்டு வாசலில் முடிந்தது. டீ குடித்துவிட்டுப் போ என்றார். உள்ளே போனதும் டீயைக் கணவர் தலையில் கட்டிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். "மேடம் யுத்தத்துக்குப் போயாச்சு. சர்க்கரை எவ்வளவு போடட்டும்?" என்று கணவர் என்னைக் கேட்டார். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். மனைவி விமானம் ஓட்டும்போது வீட்டில் அதட்டல் சத்தமே இருப்பதில்லை என்பதால் இந்த யுத்தம் நீடிக்கட்டும் என்று விரும்புகிறவர்.

கம்ப்யூட்டரும், விமானத்தைத் திருப்புகிற பிடியான ஜாய்ஸ்டிக்கும் மருமகன் விட்டுப்போனவை. அவர் புதிது வாங்கியபோது பழையதை மாமியார் வீட்டில் ஒதுக்கினார். மாமியார் அதைத் துடைக்கப்போய், தொட்டுப் பார்க்கப்போய், ஒரு விமானத்தை மரத்தில் மோதப்போய், அதையே விடாமல் பிடித்துக்கொண்டார். விளையாட்டில் சிவப்பு அணி, நீல அணி என்று இரண்டு. ஆளாளுக்குத் தங்கள் வீட்டிலிருந்தே ஆடுகிறார்கள். மாஸ்டரம்மா நீலம். ஆடுபவர்கள் எல்லோரும் புனைபெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வைத்துக்கொண்ட பெயரைத் திரையில் பார்த்ததும் எனக்கு டீ புரையேறியது. 'அரைக்கிளட்ச்' என்றிருந்தது.

"நீங்கதானே வெச்சீங்க. வீணாக்குவானேன்?" என்றார், திரும்பாமலே.

அவர் ஓட்டும் விதம் தனி. மற்றவர்கள் மேகத்துக்கு மேலே போய் வீரம் காட்டுவார்கள். இவர் ஆற்றோடு ஆறாக, பாலத்துக்கு அடியில் நுழைந்து, தென்னை உயரத்துக்குக்கூட எழும்பாமல் போவார். தளத்தின் பீரங்கிக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மரங்களுக்குப் பின்னாலிருந்து சட்டென்று எழும்பிக் குண்டைப் போடுவார். விழுந்ததும் வெடிக்காமல் கொஞ்சம் தாமதித்து வெடிக்கும் குண்டு. "உடனே வெடிச்சா நம்ம தலையிலதானே விழும்? நாம தாண்டிப் போறதுக்கு அது டயம் குடுக்கணும். மரியாதை தெரிஞ்ச குண்டும்மா." போட்டுவிட்டால் நேரே வீடு. எவ்வளவு எரிந்தது என்று பார்க்க இன்னொரு சுற்று வர மாட்டார். "திரும்பி வந்து வேடிக்கை பாக்குறவன்தான் மாட்டுவான்" என்பார்.

எந்த விமானத்தை முதலில் அடிப்பது என்பதிலும் ஒரு கொள்கை. கோணலாக நிறுத்தியிருப்பதைத்தான் முதலில் அடிப்பார். "இதப் பாரு, வழிய மறிச்சிட்டு நிக்குது. அறிவிருக்கா இவனுக்கு?" என்று பல்லைக் கடிப்பார். பட்டனை அமுக்குவார். பகலெல்லாம் தெருவில் பார்த்துப் பார்த்து விழுங்கிய கோபம் அங்கே புகையாக எழும்பும்.

அடி வாங்கிக்கொண்டிருந்த சிவப்புத் தளத்தின் தளபதிக்கு 'கருடன்' என்று பெயர். அந்தக் கருடன், மாஸ்டரம்மாவின் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கே தலைவர், மருமகனின் அப்பா. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரார் கண்ணையெல்லாம் சரிசெய்கிற மனிதருக்கு, தன் ஓடுபாதைக்கு வருவது யார் என்று மட்டும் தெரியவில்லை. மகளுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், மாஸ்டரம்மாவின் கணவருக்குத் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. பயம் பாதி, சுவாரசியம் பாதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் சாப்பிட வந்தார்கள். அங்கே நடந்ததை மாஸ்டரம்மாவின் கணவர் எனக்கு நடித்தே காட்டினார். கண்ணாடிக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும் பொருமத் தொடங்கினாராம்.

"அரைக்கிளட்ச்னு ஒருத்தன் இருக்கான் சம்பந்தி. நேருக்கு நேர் வர மாட்டான். திருட்டுப் பூனை மாதிரி ஆத்தோரமா வர்றான். சும்மா நிக்குற விமானத்த அடிச்சிட்டு ஓடிப் போறான். ஆம்பளையா இருந்தா மேல வந்து மோதட்டும்!"

"ஒருவேளை ஆம்பளை இல்லையோ என்னமோ" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார் கணவர். மகளுக்குப் புரையேறியது.

மாஸ்டரம்மா சம்பந்தியின் டம்ளரில் நிதானமாகத் தண்ணீர் ஊற்றினார். "விமானத்தையெல்லாம் எப்படிண்ணே நிறுத்தி வெப்பீங்க?"

"எப்படின்னா? அங்கொண்ணு இங்கொண்ணா நிக்கும்."

"அதான் பாத்தேன். எங்க ஷெட்ல காரையெல்லாம் ஒரே வரிசையா, பக்கத்துல பக்கத்துல நிறுத்துவோம். பாக்கவே லட்சணமா இருக்கும். எடுக்கவும் சுலபம். அப்படி நிறுத்திப் பாருங்களேன்."

கண்ணாடிக்காரர் மருமகளிடம் திரும்பினார். "கேட்டுக்கம்மா. வண்டியோட பழகினவங்க பேச்சுன்னா பேச்சு."

மறுநாள் சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். மரங்களுக்குப் பின்னாலிருந்து விமானம் எழும்பியது. கீழே கருடனின் விமானங்கள் அத்தனையும் ஒரே நேர்கோட்டில், இறக்கையோடு இறக்கை உரசுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தன. மாஸ்டரம்மா மூச்சை இழுத்துப் பிடித்தார். "என்கிட்ட படிச்ச ஒருத்தர்கூட இவ்வளவு அழகா நிறுத்தினதில்லம்மா" என்றார்.  பிறகு வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஒரே ஓட்டத்தில், ஒன்றையும் விடாமல் குண்டு போட்டார்.

அடுத்த நாள் கண்ணாடிக்காரர் வீட்டுப் பக்கம் கரண்ட் போய்விட்டது. துக்கத்தை யாரிடமாவது கொட்ட வேண்டுமே. யோசனை சொன்னவரிடமே கொட்டலாம் என்று நடந்தே வந்துவிட்டார். கதவைத் திறந்த கணவருக்கு முகம் வெளுத்தது.

"அவ… வெளிய போயிருக்கா சம்பந்தி."

உள்ளே தடதடவென்று சத்தம் கேட்டது.

"அது என்ன?"

"மிக்ஸி."

"ஆளில்லாமலா ஓடுது?"

கண்ணாடிக்காரர் உள்ளே வந்துவிட்டார். அறை வாசலில் அப்படியே நின்றார். மாஸ்டரம்மாவின் முதுகுக்கு அப்பால், திரையில், அவருடைய தளம் தெரிந்தது. தன் வீட்டுக் கூரையை முதல்முறையாக மேலேயிருந்து பார்க்கிற ஆள்போலப் பார்த்தார்.

"அது… என் பெட்ரோல் டேங்க்" என்றார்.

"ஓட்டும்போது பேசக் கூடாதுண்ணே. உக்காருங்க, வந்துடுறேன்."

பெட்ரோல் டேங்க் எரிந்தது. மாஸ்டரம்மா ஆற்றோரமாகவே திரும்பி, பத்திரமாக இறங்கி, என்ஜினை அணைத்து, ஜாய்ஸ்டிக்கை ஓரமாக வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

"நீங்கதானா சம்பந்திம்மா?"

"நான்தாண்ணே."

"வரிசையா நிறுத்தச் சொன்னது?"

"லட்சணமா இருந்துச்சில்ல?"

கண்ணாடிக்காரர் வெளியே நடந்தார். வாசலில் கிடந்த கணவரின் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அது தன் செருப்பில்லை என்று தெரிந்த பிறகும் மாற்றிக்கொள்ளத் திரும்பி வரவில்லை.

முதல் இரண்டு மூன்று நாள் இது சிரிப்பாக இருந்தது. மருமகள் தண்ணீர் கொடுத்தால் "எதிரி நாட்டுத் தண்ணி எனக்கு வேண்டாம்" என்றாராம். பிறகு அதையும் சொல்வதை நிறுத்தினார். மருமகள் ஒரு பக்கம் வந்தால் மறு பக்கம் எழுந்து போனார். மகள் போன் பண்ணினாள். அன்று பாடத்தின் நடுவில்தான் போன் வந்தது. மாஸ்டரம்மா காரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டுப் பேசினார். அந்தப் பக்கத்து விசும்பல் எனக்கே கேட்டது.

"மாமா முகம் குடுத்தே பேசலம்மா. உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் என்ன பண்ணேன்? உங்களுக்கு விளையாட இடமா கிடைக்கல?"

போனை வைத்தபின் நாங்கள் மறுபடி கிளம்பினோம். திருப்பத்தில் நான் வளைக்க மறந்தேன். காரின் முன்சக்கரம் நடைபாதையில் ஏறி இறங்கியது. இத்தனை மாதத்தில் அவருடைய பிரேக் பிந்தியது அன்றுதான். அவர் ரோட்டையே பார்க்கவில்லை.

"விளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன்" என்றார். "அவர் அப்படிப் பொருமினது எனக்குக் கொண்டாட்டமா இருந்துச்சு. பொண்ணு கண்ணக் கசக்குவாள்னு தோணவே இல்ல பாரு."  பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்ணாடிக் கடைக்கு விடு. நேராப் போ. இன்னிக்கு ஆத்தோரமெல்லாம் வேண்டாம்."

கடையில் கண்ணாடிக்காரர் எங்களைப் பார்த்ததும் ஏற்கெனவே பளபளத்த மேஜையை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.

"கண்ணு டெஸ்ட் பண்ணணும்ணே."

வந்தவரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அந்தக் கடையில் இல்லை. நாற்காலியைக் காட்டினார். பரிசோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். "இதுல நல்லா தெரியுதா? இதுலயா?" என்று சுவரைப் பார்த்தே கேட்டார். சுவரில் இருந்த கடைசி வரிவரை மாஸ்டரம்மா தடங்கலில்லாமல் படித்தார். சின்ன எழுத்து அட்டையைக் கையில் கொடுத்து நீட்டிப் பிடிக்கச் சொன்னபோது திணறினார்.

"தூரத்துல பழுதில்ல. ரோட்டுக்குக் கண்ணாடி தேவைப்படாது. கைநீட்டுத் தூரம்தான் மங்கலா இருக்கு. எந்த வேலைக்குப் போடணும்?"

 மாஸ்டரம்மா வலக்கையை முன்னால் வைத்து, ஜாய்ஸ்டிக்கைப் பிடிப்பதுபோல் விரல்களை மடக்கினார். இடக்கையால் அதற்கு அப்பால் காற்றில் ஒரு சதுரம் வரைந்து காட்டினார்.

கண்ணாடிக்காரர் வெகுநேரம் அந்தக் காற்றுச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் என்று ஒன்று இருக்கிறதே. டேப்பை எடுத்து மூக்கிலிருந்து சதுரம்வரை அளந்தார். அளந்து முடித்ததும்தான் அவருக்கு உறைத்தது.

"இந்த மங்கலோடவா என் தளத்த அடிச்சீங்க?"

"ஒரு உத்தேசமாத்தாண்ணே போட்டேன்."

அவர் மீசை துடித்தது. கோபமா, வேறெதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. மாஸ்டரம்மா சட்டத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"என் மேல இருக்குற கோவத்த என் மேலயே காட்டுங்கண்ணே. திட்டுங்க, வாங்கிக்கிறேன். அவ புள்ள. அவகிட்ட பேசாம இருக்காதீங்க."

கண்ணாடிக்காரர் டேப்பைச் சுருட்டினார். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினார். "நேத்து அவ அழுதது காதுல விழுந்துச்சு. எழுந்து போகத்தான் நினைச்சேன். வீம்பு விடல" என்றார், தரையைப் பார்த்து. அங்கேயே, எங்கள் முன்னாலேயே மருமகளுக்குப் போன் போட்டார். "ஒண்ணுமில்லம்மா. சாயங்காலம் வரும்போது என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்டார். 

போனை வைத்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஒண்ணு கேக்கட்டுமா? பேசாம நம்ம சிவப்புக்கே வந்துடுங்களேன். சம்பந்தின்னா ஒரே கட்சிதானே?"

"பொண்ணத்தாண்ணே குடுத்தோம். விமானத்தையும் சேத்துக் குடுக்கல."

கண்ணாடிக்காரர் சிரித்த சிரிப்பில் கடையிலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணாடி தயாரானதும் அதை வாங்கவும் நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். அவரே மாட்டிவிட்டு, காதுப் பிடியைச் சூடுகாட்டி வளைத்து, மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்தார். மாஸ்டரம்மா அட்டையை நீட்டிப் பிடித்தார்.

"அடேயப்பா! இனிமே விமானச் சக்கரத்துல இருக்குற ஆணிகூடத் தெரியும் போலிருக்கே."

கண்ணாடிக்காரர் முகத்தில் ஒரு நிழல் ஓடியது. "குடுங்க, துடைச்சுப் பெட்டியில போட்டுத் தர்றேன்" என்று திரும்ப வாங்கினார். மெல்லிய துணியால் இரண்டு வில்லைகளையும் சுற்றிச் சுற்றித் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஊதி, இன்னொரு முறை துடைத்தார். ஒரு தூசி இல்லை. மாஸ்டரம்மா கைப்பையைத் தேடி அந்தப் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்காரர் அவர் முதுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வலப் பக்க வில்லையின் நட்டநடுவில் தன் கட்டை விரலை அழுத்தி ஒரு ரேகை பதித்து, கண்ணாடியை மடக்கிப் பெட்டிக்குள் வைத்து, டப்பென்று மூடினார்.