அகப்பட்ட முதல் மாமா

கல்யாணமாகி நெய்க்காரப்பட்டிக்கு வந்தபோது எனக்கிருந்த பெரிய பயம், முறை சொல்லிக் கூப்பிடுவதுதான். நான் திண்டுக்கல் டவுன். எங்கள் சொந்தம் மொத்தமும் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடும். இங்கே வாசலில் யார் வண்டியை நிறுத்தினாலும் ஏதோ ஒரு முறை இருந்தது. பெயர் சொல்லவும் கூடாது.

வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதும் வேலை என்னுடையது. அதனால் போனில் ஒரு ஹேஷ் மேப் செய்து வைத்துக்கொண்டேன்; கீயைக் கொடுத்தால் அதற்குரிய வேல்யூவைச் சட்டென்று எடுத்துத் தரும் பட்டியல் அது. ஆளின் அடையாளம் கீ, நான் கூப்பிட வேண்டிய முறை வேல்யூ. 'தொங்கு மீசை' என்று தட்டினால் 'மாமா' என்று வரும். ஆள் கேட்டைத் தாண்டி வருவதற்குள் பதில் கிடைத்துவிடும். முறை தெரிந்த மருமகள் என்று ஊரில் பேரும் வாங்கினேன்.

கணவரின் அண்ணன் மகளுக்குக் காது குத்திய அன்றுதான் சிக்கல். வந்தவர்களைப் பந்திக்குக் கூப்பிடுவது என் பொறுப்பு. என் மாமியார் சமையல் பக்கமிருந்து, "உங்க மாமாவச் சாப்பிடக் கூப்பிடு கண்ணு" என்று முறையை மட்டும் சொல்லுவார். இப்போது என் கையில் இருப்பது வேல்யூ, வேண்டியதோ கீ. மேப்பிடம் தலைகீழாகக் கேட்டால் சட்டென்று சொல்லாது. ஒவ்வொரு ஆளாகப் பார்த்துத்தான் தேட வேண்டும். ஒரு தூண் மறைவில் நின்று அவசரமாக நாலு வரி எழுதினேன்: வரிசையாகப் பார், பொருந்துகிற முதல் ஆளைக் கொடு, அத்தோடு நிறுத்து.

திரையில் 'தொங்கு மீசை' என்று வந்தது. அவரிடம் போய்க் கைகூப்பிக் கூப்பிட்டேன். அவர் கொஞ்சம் திகைத்துவிட்டு வந்து சாப்பிட்டார். அடுத்த பந்திக்கு மாமியார் வேறொரு மாமாவை மனதில் வைத்துச் சொன்னார். மறுபடியும் தொங்கு மீசையே வந்தது.

"இப்பத்தானுங்க அம்மிணி சாப்பிட்டேன்" என்றார்.

வற்புறுத்தாமல் விட்டால் மரியாதை இல்லை என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். வற்புறுத்தினேன். அதற்கடுத்த முறை என்னைப் பார்த்ததுமே அவர் வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் புரோகிராம் எந்தப் பிழையும் காட்டவில்லை. அதை நம்பித்தானே பிழைப்பு.

பிறகு மாமியார், நேரமாகிவிட்டது, மாமனை மணைக்குக் கூட்டிவா என்றார். அவர் சொன்னது குழந்தையின் தாய்மாமனை. மேப் என் முறைப்படி செய்தது என்பதால் அதில் அவர் 'அண்ணன்'. நான் யோசிக்காமல் 'மாமா' என்று தட்டினேன். தொங்கு மீசை வந்து மணையில் உட்கார்ந்தார். போட்டோக்காரர் குழந்தையை அவர் மடியில் வைத்தார். குழந்தையின் அம்மா வீட்டு ஆட்கள் அவரை எங்கள் பக்கத்துப் பெரியவர் என்று நினைத்தார்கள். எங்கள் பக்கம் வந்திருந்தவர்கள் அவரை அம்மா வீட்டு ஆள் என்று நினைத்தார்கள். எங்கள் வீட்டு ஆட்களோ பந்தியிலும் சமையல் பக்கமும் இருந்தார்கள். ஆசாரி ஒரு காதைக் குத்திவிட்டார்.

பார்க்க மனசில்லாமல் உள்ளே போயிருந்த குழந்தையின் அம்மா, அலறல் கேட்டு ஓடிவந்தார். மடியைப் பார்த்தார்.

"இவரு பந்தல்காரருங்க" என்றார்.

ஆயக்குடிப் பந்தல்காரர். அன்றைய பந்தலும் அவர் போட்டதுதான். எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் அவர் பந்தலைப் பிரித்தபோது என் கணவர் 'மாமா' என்று கூப்பிட்டதைக் கேட்டு, முதல் ஆளாக மேப்பில் ஏற்றியிருந்தேன். அதற்கு மேல் யாரிடமும் விசாரிக்கவில்லை.

முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கணவர் அவரிடம் கேட்டார்.

"அம்மிணி அத்தன மரியாதையாக் கூப்பிட்டாங்க. ஏதோ வேண்டுதலாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க."

நிஜத் தாய்மாமனைத் தேடினோம். வெளியே தன் காருக்குள் சீர்த்தட்டை மடியில் வைத்தபடி வேர்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடாமல் எப்படி வருவது என்றார். இன்னொரு காதை அவர் மடியில் வைத்துக் குத்தலாம் என்று மாமியார் முடிவு சொன்னார். அப்படியே நடந்தது.

அன்று சாயங்காலம், பொருந்துகிற எல்லோரையும் காட்டும்படி புரோகிராமை மாற்றினேன். 'மாமா' என்று கேட்டதும் திரை நிற்காமல் ஓடியது. எந்த மாமா என்று அம்மாவிடமே கேட்டிருக்கலாமே என்றார் கணவர். அது எனக்குத் தோன்றவே இல்லை.

பொங்கலுக்குப் பந்தல்காரர் ஒரு கூடை கொய்யாவும் சின்ன டப்பாவில் தோடும் கொண்டுவந்தார். ஒற்றைத் தோடு. தன் பங்குக் காதுக்கு மட்டும் என்றார். குழந்தையின் அம்மா அதை வாங்கி, எந்தக் காது என்று அவரையே கேட்டுப் போட்டுவிட்டார்.