ஜன்னலோரத்துத் தகரக் கோப்பை

உலகத்தையே வேறு கண்ணால் பார்க்க வைத்த பழைய படங்கள் என்று படித்தவர்கள் பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். எடுத்தவர் பேர், நடித்தவள் பேர், என்ன வருஷம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். எங்கள் குடும்பத்தைப் புரட்டிப் போட்ட படத்துக்குப் பேர்கூட எனக்குத் தெரியாது. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு வர நேரமாகிவிட்டதால், பாதியில்தான் டீவியைப் போட்டோம்.

ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்கெல்லாம் ஒரே டீவி, அதுவும் பக்கத்து வீட்டுக் காம்பராவில். ஞாயிறு மத்தியானம் எல்லோரும் அங்கேதான் கிடப்போம். அன்றைக்கு ஏதோ வெளிநாட்டுக் கறுப்பு வெள்ளைப் படம், அடியில் சிங்கள எழுத்து ஓடியது. பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை என்று பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். எங்கள் ஆட்களுக்குச் சிங்களம் பேச நன்றாக வரும். வாசிக்க அப்பாவுக்கு மட்டும்தான் வரும். எழுத்து ஓடும் படம் என்றால் அவர்தான் முன்னால் உட்கார்ந்து தமிழில் சொல்லுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

படத்தில் ஒரு சின்னப் பெண் பெரிய வீடொன்றில் வேலைக்கு இருந்தாள். அவளுக்கென்று தனியாக ஒரு தகரக் கோப்பை, பின்பக்க ஜன்னலோரத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. இருமினாள், படுத்தாள். அப்புறம் ஆளைக் காணோம்.

"கொணமாகி வீட்டுக்குப் போயிட்டா," என்று வாசித்துச் சொன்னார் அப்பா.

எங்கள் தங்கச்சியும் அப்போது கொழும்பில் ஒரு வீட்டில்தான் வேலைக்கு இருந்தாள். நல்ல சாப்பாடு, நல்ல துணி என்று தரகர் சொன்னதை நம்பி அப்பாதான் அனுப்பிவைத்தார். தீபாவளிக்கு அனுப்புவோம் என்றார்கள். தீபாவளியும் போய், பொங்கலும் போயிருந்தது.

படத்தில் புதுசாக வேறொரு பெண் வந்தாள். அதே கோப்பையைக் கழுவித் தேத்தண்ணி ஊற்றினாள்.

"வீட்டுக்குப் போனவ சப்பாத்த விட்டுட்டா போவா?" என்றாள் அம்மா. கட்டிலுக்கடியில் அவள் காலில் போட்டிருந்த ஜோடி கிடந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. "நீங்க எழுத்த வாசிங்க. எனக்குப் படம் தெரியுது."

அப்பா திரும்பவும் எழுத்திலேயே கண்ணை வைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

அம்மா மறுநாள் ரப்பர் பால்வெட்டு வேலைக்குப் போகவில்லை, கொழும்புக்குக் கிளம்பினாள். நாட்டில் சண்டை நடந்த காலம். அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பெண்ணை வழியில் ராணுவக்காரன் இறக்கிக் கொண்டுபோனால் எங்கே என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. அம்மாவிடம் அட்டை இல்லை.

"நான் போறேன். எங்கிட்ட ஐடி இருக்கு," என்று அப்பா கெஞ்சினார்.

"நீங்க போனா அவுங்க சொல்றத நம்பிட்டு வந்துருவீங்க."

பொட்டை அழித்தாள். சேலையை அவிழ்த்து வைத்துவிட்டு, யாரிடமோ இரவல் வாங்கிய கவுனைப் போட்டுக்கொண்டாள். பஸ் ஏறினதிலிருந்து தமிழில் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு அவள் திரும்பவில்லை. நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமலே அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் பொழுது சாய அம்மாவும் தங்கச்சியும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். தங்கச்சியின் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். அடையாளம் தெரியாத அளவுக்கு மெலிந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தும் அவள் பெஞ்சில் உட்காரவில்லை, கதவோரம் குந்திக்கொண்டாள். அம்மா தேத்தண்ணி ஊற்றக் கோப்பைகளை இறக்கினாள். எங்கள் வீட்டில் இன்னாருக்கு இது என்று கோப்பை கிடையாது, கைக்குக் கிடைத்ததில் குடிப்போம். தங்கச்சி எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"இதுல என்னோடது எதும்மா?"

அப்பா எழுந்து வெளியே போனார். அதற்கப்புறம் எழுத்து ஓடும் படம் எது வந்தாலும், கண் தெரியவில்லை என்று சொல்லிவிடுவார்.