நடுவில் உட்கார ஒரு ஆள்

"உங்களுக்குப் பிடிச்ச எடம் ஒண்ண நெனச்சுக்குங்கம்மா," என்றார் செவிலியர் மேரி. "கண்ண மூடிக்கினு அங்கயே இருங்க. கடற்கரைன்னு வச்சுக்குங்க. அலை வருது, போவுது..."

"கடலா?" தில்லையம்மாள் கண்ணைத் திறந்துவிட்டாள். "அலயப் பாத்தாலே எனக்குத் தல சுத்தும். சும்மா இருக்கிற வாந்திய நீயே கூப்புடறியேம்மா!"

மேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப வேற எதுதான் பிடிக்கும்?"

"தறியாண்ட உக்காந்தா எனக்குப் பசிகூடத் தெரியாது."

"அப்பத் தறியாண்டயே போங்க. மருந்து பாட்டுக்கு மருந்து. இது அதுக்கு ஒத்தாசை."

அந்தப் பேச்சு புவனேஸ்வரிக்கு அப்படியே நினைவிருக்கிறது. பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் படித்தவள், இரண்டிலும் குறைவாகப் பேசுகிறவள். அத்தை தில்லையம்மாளுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து துணைக்குப் போகிறவள் அவள்தான். முதலில் மருந்து ஏற்றிய பிறகு வாந்தி வந்தது. பிறகு ஏற்றுவதற்கு முன்பே வந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் செவிலிமேட்டைத் தாண்டிப் பேருந்து பாலாற்றுப் பாலத்தில் ஏறினால் போதும், அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அது மாத்திரைக்கு அவ்வளவாகக் கேட்கவில்லை.

மேரி சொன்ன மற்றதெல்லாம் வீட்டில் எளிதாக நடந்தது. வாசனை எழும்பாத ஆறிய இட்லி, ஒரு நேரத்துக்கு ஒன்று. தாளிக்கும்போது அத்தை மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். குமட்டல் அடங்க, மணிக்கட்டிலிருந்து மூன்று விரல் தள்ளி, கையின் உட்புறத்தில் அழுத்திவிடுவது புவனேஸ்வரியின் வேலை. அதற்குப் பேச வேண்டியதில்லை.

தறியை நினைப்பதுதான் சிக்கலாகிவிட்டது.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் இருப்பவர் உடல் நூல் சுற்றிய நாடாக் கட்டையை வீசுவார். ஓரத்தில் இருப்பவர் அந்த நூலோடு கரை நூலைக் கோத்துத் தன் நாடாவை விடுவார். தில்லையம்மாள் சிறுமியாக அப்பாவின் தறியில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு கணவர் பரமசிவத்தின் தறியில். அவர் போன பிறகு, தம்பியின் தறியில். கல்யாணப் படங்களில்கூட ஓரமாகத்தான் நிற்பாள். நடு இடம் அவளுக்குப் பழக்கமில்லை.

அடுத்த தடவை பேருந்தில் அத்தை கண்ணை மூடியதும் மடியில் அவள் விரல்கள் மெல்ல அசையத் தொடங்கின. ஜன்னல் காற்றில் முகம் இளகியது. தூங்குகிறாள் என்றே புவனேஸ்வரி நினைத்தாள். பாலம் வந்தது. விரல்கள் நின்றன. எதையோ வாங்கிக்கொள்ள நீட்டியதுபோல ஒரு கை அந்தரத்தில் காத்திருந்தது. பிறகு வாந்தி. பாலம் முடிந்த இடத்தில் இறங்கியவள், எதிரே வந்த பேருந்தில் ஏறித் திரும்பிவிட்டாள்.

"இனிமே என்னக் கூப்புடாத," என்றாள் அத்தை. பாதியில் நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் வீண் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். புவனேஸ்வரி மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்துக் கெஞ்சியதும், மறுநாள் அழைத்து வரச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் அத்தையின் மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ தறிச் சத்தம் கேட்டது. அத்தை தானாகவே பேசத் தொடங்கினாள்.

"கண்ண மூடினா ஆறெல்லாம் கிளிப்பச்சப் பட்டு புவனா. மணலே தெரியல. நான் ஓரத்துல அரக்கு நாடாவ வச்சுக்கினு உக்காந்திருக்கேன். நடுவுலதான் ஆள் நிக்க மாட்டேங்குது. எங்கப்பாவ உக்கார வச்சேன், வெத்தல போட எழுந்து போயிட்டாரு. உங்க மாமாவ உக்கார வச்சேன், நூலு அறுந்துச்சுன்னு என்னையே திட்டிக்கினு போயிட்டாரு. நாடா வரல. வாந்திதான் வந்துச்சு."

புவனேஸ்வரி சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

"நாளைக்கு நீ நடுவுல உக்காரு. பாலம் வந்ததும், 'பச்ச போட்டுட்டேன் அத்த'ன்னு வாயத் தொறந்து சொல்லணும். நான் 'அரக்கு போட்டுட்டேன்'னு சொல்லுவேன். திரும்ப நீ சொல்லணும். பஸ்ல எல்லாரும் பாப்பாங்க, பாத்துட்டுப் போறாங்க. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் நீ நிறுத்தாம சொல்லிக்கினு வா புவனா, நான் எறங்காம வர்றேன்."